கட்டி வைத்த மாதா

ஊரடங்கு எண்டால் உங்களுக்கு முதல் என்ன ஞாபகம் வரும்? என்ர வயதுக்காரரிட்டத்தான் கேக்கிறன். பிறகு பிறந்ததுகளுக்குச் சொன்னாலும் விளங்காது. ஒராள் குப்பி விளக்கு எண்டு சொல்லும், ஒராள் பங்கர் எண்டு சொல்லும். போன மாதம் ஒரு கலியாண வீட்டில கண்ட எங்கட வகுப்புக்காரி, பாணுக்கு வரிசையில நிண்டு மயங்கி விழுந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாள். எனக்கு எண்டால் பருப்பு. காலமையும் பருப்பு, பின்னேரமும் பருப்பு. யன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தண்ணி தெரியிற வீட்டில இருந்துகொண்டு, ஒரு மீன் செதிலைக் கூடக் கண்ணில காணாமல் பருப்புத் திண்ட பருவம் ஒண்டு எனக்கு இருக்கு. ஏன் எண்டு சொல்லுறன். குறுக்க கதைக்காமல் கேளுங்கோ. நான் ஒரு கதிரையில கனநேரம் இருக்கிற ஆள் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்.

எங்கட அப்பா மூதூருக்குப் போற லோஞ்சில இஞ்சின் பாக்கிறவர். திருகோணமலை இறங்குதுறையில சனத்தையும் சாக்கு மூட்டையையும் சைக்கிளையும் ஆட்டையும் ஏத்தி, கொட்டியாரக் குடாவைக் கடந்து அங்கால கொண்டுபோய் இறக்கிற லோஞ்ச். நாள் முழுக்க இஞ்சினுக்குப் பக்கத்தில கிடந்து அவருக்குக் காது மந்தம். அதால வீட்டிலயும் கத்தித்தான் கதைப்பார். "பிள்ளை, தண்ணி கொண்டா" எண்டு அவர் கேட்டால், தெருவில எல்லா வீட்டுப் பிள்ளையளும் எழும்புங்கள். செபமாலை சொல்லேக்க அவர் போடுற சத்தத்தில பக்கத்து வீட்டுச் சைவக்காரருக்கும் அருள் நிறைந்த மரியே பாடமாகிப் போச்சு எண்டு அம்மா பகிடி பண்ணுவா. டீசலும் சவுக்காரமும் கலந்த ஒரு மணம் அவரில இருக்கும். இப்பவும் பஸ் ஸ்ராண்டில நிக்கேக்க அந்த மணம் மூக்கில அடிச்சால், நான் இடம் மாறி நிண்டுகொள்ளுவன்.

செபமாலை மாதம் ஒக்டோபர். அந்த மாதம் எங்கட கோயில் பங்கில மாதா சுரூபம் வீடு வீடாப் போகும். பெரிய சுரூபம் இல்லை, என்ர முழங்கை நீளம் வரும். தேக்கில செய்த கூடு, முன்னுக்கு ரெண்டு குட்டிக் கதவு, உள்ளுக்கு நீலப்பட்டு ஒட்டியிருக்கும். மாதாவின்ர மூக்கு நுனியில வர்ணம் போய் சுண்ணாம்பு தெரியும். கதவைத் திறந்தால் பழைய மெழுகும் காய்ஞ்ச மல்லிகையும் மணக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பின்னேரம் வந்தால், அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரர் மெழுகுதிரி பிடிச்சுப் பாட்டுப் படிச்சு அடுத்த முறை வீட்டில கொண்டுபோய்க் குடுக்க வேணும். முறை தப்பக்கூடாது. மாதா இருக்கிற வீட்டில விளக்கு நூரக்கூடாது, சண்டை பிடிக்கக்கூடாது, மீன் இறைச்சி சமைக்கக்கூடாது. ஒரு நாள்தானே, அதில ஆரும் செத்துப்போகப் போறேல்ல. உந்தச் சட்டத்தை எந்தப் போப்பாண்டவர் போட்டவர் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. பாதிச் சட்டம் பக்கத்து வீட்டுச் சைவக்காரர் கோயில் திருவிழாவுக்கு விரதம் பிடிக்கிறதைப் பாத்து நாங்கள் எடுத்தது எண்டு இப்ப நினைக்கிறன்.

அந்த வருசம் எங்கட முறைக்கு, முந்தின வீட்டுக்காரரோட சேர்ந்து அப்பாதான் கூட்டைத் தலையில சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர். அண்டு பின்னேரம் எங்கட வீட்டில செபமாலை, அவல், தேத்தண்ணி எல்லாம் நடந்தது. அடுத்த நாள் காலமை அப்பா வேலைக்குப் போனார். லோஞ்சில கயிறு எறியிற வேலை செய்தவன் எங்கட தெருப் பெடியன் ஒருத்தன், அவனும் போனான். மத்தியானம் குடாவுக்கு அங்கால வெடிச்சத்தம் கேட்டுது. ஓய்ஞ்சிருந்த பிரச்சினை திரும்பத் தொடங்கிட்டுது எண்டு சனம் கடையளைப் பூட்டிக்கொண்டு ஓடிச்சுது. பின்னேரம் ஊரடங்கு போட்டாங்கள். கடலில ஒண்டும் ஓடக்கூடாது எண்டு ஸ்பீக்கர் கட்டின வாகனம் தெருத்தெருவாச் சொல்லிக்கொண்டு போச்சு. லோஞ்ச் திரும்பி வரேல்ல.

அதுக்குப் பிறகு அம்மா ஒரு இடத்தில இருந்து நான் காணேல்ல. குசினியில இருந்து படலைக்கு, படலையில இருந்து யன்னலுக்கு, யன்னலில இருந்து திரும்பக் குசினிக்கு. அடுப்பில உலை வைச்சிட்டு அரிசி போட மறந்துபோவா. தம்பியைக் குளிப்பாட்டத் தொடங்கிப் பாதியில விட்டிட்டுப் போய்ப் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. வெளியில மனுசர் இல்லாத றோட்டில மான்கள் திரிஞ்சுதுகள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எங்கட ஊர் மானுக்குப் பயம் எண்டதே இல்லை. ஊரடங்கில அதுகள் வேலிப் பூவரசைத் திண்டுகொண்டு அதிகாரி மாதிரி நடந்து போகும். "மானுக்குப் பாஸ் குடுத்திருக்கிறாங்கள்" எண்டு தம்பி சொன்னான். அம்மா அவனுக்கு முதுகில ஒண்டு போட்டா. மழையும் தொடங்கிட்டுது. காத்து மாறி, துறைமுகத்துத் தண்ணி கரைக் கல்லில அடிக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ள இஞ்சின் சத்தம் கேக்குதோ எண்டு நாங்கள் மூண்டு பேரும் காதைக் குடுத்துக்கொண்டு இருந்தம்.

ஒரு நாள் அம்மா அலுமாரிக்கு மேல இருந்த கூட்டின்ர கதவை அடிச்சுச் சாத்தினா. பிறகு, அப்பா லோஞ்சில இருந்து கொண்டுவந்து போட்டிருந்த நைலோன் கயிற்றை எடுத்து, கூட்டைச் சுத்தி இறுக்கிக் கட்டினா. நான் கதவடியில நிண்டனான். அவ என்னைக் காணேல்ல.

"அவரை விடு, நான் உன்னை விடுறன்" எண்டு கூட்டைப் பாத்துச் சொன்னா. "அதுமட்டும் நீயும் ஒரு அறைக்குள்ள இருந்து பார்."

அம்மா மாதாவை 'நீ' எண்டு சொல்லிக் கேட்டது அதுதான் முதல்தரம்.

கோயிலைப் பாக்கிற ஒரு கிழவரை எங்கட ஆக்கள் சங்கிலித்தாம் எண்டு சொல்லுறது. மணி அடிக்கிறது, திரி கொளுத்திறது, சுரூபம் எந்த வீட்டில எண்டு கணக்குப் பாக்கிறது எல்லாம் அவர்தான். ஊரடங்கைச் சாமான் வாங்கக் கொஞ்சநேரம் தளத்துவாங்களே, அந்த நேரம் பாத்து அவர் குடையும் கையுமா வருவார்.

"பிள்ளை, முறை பிந்துது. சந்தி மாமி வீட்டுக்குக் குடுக்க வேணுமெல்லே."

"மழை அண்ணை. மாதா நனைஞ்சு போவா."

அடுத்த முறை வந்தால், "சந்தியில ஆமிக்காரரின்ர சென்றி இருக்கு அண்ணை, கூட்டை உடைச்சுப் பாத்தாங்கள் எண்டால் என்ன செய்யிறது?"

அதுக்கு அடுத்தமுறை அம்மா படலையைத் திறக்கவே இல்லை. செபமாலையைக் கையில சுத்திக்கொண்டு விறாந்தையில நிண்டா. சங்கிலித்தாம் அதைப் பாத்திட்டு, தலையைக் குனிஞ்சு கும்பிட்டிட்டுப் போயிட்டார். போய், இந்தப் பிள்ளை இரவு பகலா மாதாவுக்கு முன்னால கிடக்குது, பக்தி எண்டால் அதுதான் பக்தி எண்டு சுவாமியிட்டச் சொல்லியிருக்கிறார். சுவாமியும் பூசையில அதைச் சொல்லி, நாங்களும் அந்தத் தாயைப் போல இருக்க வேணும் எண்டு பிரசங்கம் வைச்சவராம். உள்ளதைச் சொல்லட்டே? அந்த நாளெல்லாம் அம்மா ஒரு மணி உருட்டேல்ல. செபமாலையைக் கையில சுத்தி, கையை இறுக்கிப் பொத்திக்கொண்டு திரிஞ்சா, அவ்வளவுதான். ஊர் பக்தி எண்டு நினைச்சது பச்சைச் சண்டை. பெரிய ஆக்கள் ஒருத்தருக்கும் அது விளங்கேல்ல, எனக்கும் தம்பிக்கும் மட்டும் நல்லாத் தெரியும்.

ஆனால் பாருங்கோ, மாதாவோட சண்டை பிடிச்ச அதே மனுசி மாதாவின்ர சட்டத்தை மீறேல்ல. விளக்கு நூரவிடேல்ல. மீனும் சமைக்கேல்ல. சட்டத்தை மீறினால் அது மாதாவுக்குச் சாட்டாப் போயிடும் எண்டு பயந்தா எண்டு நினைக்கிறன். தன்ர பக்கத்தில பிழை இருக்கக்கூடாது, வழக்கு வெல்ல வேணும். அதால எங்களுக்குப் பருப்பு, நிவாரண அரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல். தம்பி சோத்துக் கோப்பையைப் பாத்து அழுவான். கடலில வலை போட விடாட்டியும், உள்துறைமுகக் கரையில வீச்சு வலைக்காரர் களவாப் பிடிச்ச மீன் தெருவுக்கு வரும். பக்கத்து வீட்டில பொரிக்கிற மணம் வேலியைத் தாண்டி வரும். நாங்கள் அந்த மணத்தோட பருப்பைப் பிசைஞ்சு திண்டம்.

சந்தி மாமி எண்டது, முறைக்கு எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. தெருவின்ர மற்ற முனையில, மண்மூட்டை அடுக்கின சென்றிக்கு அங்கால வீடு. இடையில இருக்கிறதெல்லாம் சைவ வீடும் சோனக வீடும். மாமி புருசன் இல்லாதவ, இடியப்பம் அவிச்சு விக்கிறவ, பெரிய உடம்பு, பெரிய வாய். லோஞ்சில கயிறு எறியப் போனவன் எண்டு சொன்னனே, அவன் மாமியின்ர ஒரே பிள்ளை.

ஒருநாள் ஊரடங்கு தளத்தின நேரம் மாமி படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்கு வந்தா. கையில பன் புல்லில இழைச்ச உமல் பை ஒண்டு. நேரா அலுமாரியடிக்குப் போனவ, கயிற்றைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டா.

"இது என்ன பிள்ளை வேலை? ஆரைக் கட்டி வைச்சிருக்கிறாய் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும்" எண்டா அம்மா. "என்ர மனுசனைத் தந்திட்டுப் போகட்டும்."

"உன்ர மனுசன் மட்டுமே அந்த லோஞ்சில போனது? என்ர பிள்ளை என்ன, மூட்டையோ? நான் வீட்டைக் கழுவி, வெள்ளைத் துணி விரிச்சு, இண்டைக்கு வருவா நாளைக்கு வருவா எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். நீ இஞ்ச கட்டி வைச்சிருக்கிறாய்."

"எனக்கு ரெண்டு குஞ்சு இருக்கு, அக்கா."

"எனக்கு ஒண்டுதான் இருக்கு."

ரெண்டு பேரும் மூச்சு வாங்க நிண்டிச்சினம். தம்பி என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். மாமி குரலை இறக்கிச் சொன்னா. "விசர்ப் பிள்ளை. நீ அவவை இஞ்ச கட்டி வைச்சிருந்தால், அவ எப்பிடியடி போய் அவங்களைத் தேடுறது?"

அம்மாவின்ர வழக்கில அந்தக் கேள்வி வரும் எண்டு அவ நினைச்சிருக்கமாட்டா. சுவரில சாய்ஞ்சு, அப்பிடியே சறுக்கி நிலத்தில இருந்தா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா இருந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

அந்த நேரம் பாத்து ஸ்பீக்கர் வாகனம் வந்துது. சொன்ன நேரத்துக்கு முதலே ஊரடங்கு திரும்பப் போட்டாச்சு, றோட்டில நிக்கிற ஆக்கள் உடன வீட்டுக்குள்ள போக வேணும் எண்டான். மாமி படலை மட்டும் ஓடிப் பாத்திட்டுத் திரும்பி வந்தா. சந்தியைத் தாண்ட ஏலாது. நாளைக்குத் தளத்துமட்டும் எங்கட வீடுதான்.

பிறகு ஒரு மணம் வந்துது. மாமி கொண்டந்த உமலில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி நிலத்தில விழுந்து ஓடிச்சுது.

"அக்கா, அதுக்குள்ள என்ன?"

"ஒட்டி மீன்" எண்டா மாமி, கொஞ்சம் வெக்கத்தோட. "வாற வழியில வீச்சுக்காரன் ஒருத்தன் தந்தவன். நல்ல உயிர் மீன்."

"மாதா இருக்கிற வீட்டுக்குள்ள மீனைக் கொண்டந்திட்டியள்."

"வெளியில எறிஞ்சால் மான் தின்னாது. விடியமட்டும் வைச்சிருந்தால் வீடு நாறும். அப்ப எதையடி மாதா பொறுப்பா, நாறின மீனையோ, காய்ச்சின மீனையோ?"

மாமி இடுப்பில கையை வைச்சுக்கொண்டு கட்டிவைச்ச கூட்டைப் பாத்தா. "இஞ்ச கேள் பிள்ளை. அவவின்ர மகன்ர கூட்டாளிமார் அரைவாசிப் பேர் வலைகாரர். உடுப்பு மாத்தாமல், கால் கழுவாமல் அவவின்ர வீட்டுக்குள்ள வந்து போயிருப்பாங்கள். எத்தினை நாள் பேசிப் பேசிச் சோறு போட்டிருப்பா. சிலுவையில செத்து உயிர்த்து வந்த அந்த மகன் முதல் வேலையாக் கரையில நெருப்பு மூட்டி மீன் சுட்டுக் குடுத்தவர். அந்தக் குடும்பத்துக்கு மீன் மணம் ஆகாது எண்டு உனக்கு ஆர் சொன்னது? சங்கிலித்தாமோ?"

அம்மா சிரிச்சா. முதல் ஒரு மூச்சு மாதிரி வந்துது, பிறகு அடக்க ஏலாமல் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. மாமியும் சிரிச்சா. எங்களுக்கு என்ன பகிடி எண்டு விளங்கேல்ல, ஆனாலும் நாங்களும் சிரிச்சம். சிரிச்சுக்கொண்டு இருக்கேக்கயே அம்மாவுக்கு அழுகை வந்திட்டுது. மாமி அவவின்ர தலையைத் தன்ர மடியில வைச்சுக்கொண்டு, "அழு பிள்ளை, அழு, நல்லா அழு" எண்டு முதுகைத் தடவினா. நான் போய்க் குசினியில அடுப்பை மூட்டினன்.

மாமி மீனை வெட்டினா, அம்மா பழப்புளி கரைச்சா. குழம்பு கொதிச்ச மணத்துக்குத் தம்பி அடுப்படியை விட்டு அசையேல்ல. சோறு போட முதல் அம்மா எழும்பிப் போய்க் கயிற்றை அவிட்டா. முடிச்சு இறுகிப் போய்க் கிடந்தது, பல்லால கடிச்சுத்தான் அவிட்டவ. குட்டிக் கதவு ரெண்டையும் திறந்து விட்டிட்டு, "அவவும் பாத்துக்கொண்டு இருக்கட்டும்" எண்டா. மாதாவுக்கு முன்னால நிலத்தில வட்டமா இருந்து, விரல் சிவக்கச் சிவக்க மீன் குழம்பும் சோறும் திண்டம். அதுக்குப் பிறகு செபமாலை. அம்மா குரல் எடுத்துச் சொன்னா. அப்பா சொல்லுற மாதிரி, தெரு முழுக்கக் கேக்கிற சத்தத்தில சொன்னா. பக்கத்து வீட்டுச் சைவக்காரர் யன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டுது. அப்பா எங்க எண்டு தெரியாத அந்தப் பின்னேரத்தில எனக்கு நல்ல சந்தோசமா இருந்தது. பிறகு வாழ்க்கையில எத்தினையோ நல்ல சாப்பாடு சாப்பிட்டிட்டன், எத்தினையோ கோயிலில செபம் சொல்லிட்டன், அந்தச் சந்தோசம் திரும்பக் கிடைக்கேல்ல.

அடுத்த நாள் ஊரடங்கு தளத்தினவுடன மாதாவைப் பொலித்தீனால சுத்தி மாமி வீட்டுக்குக் கொண்டுபோனம். மெழுகுதிரி இல்லை, சனம் இல்லை, மழைக்குள்ள அரை ஓட்டம். சென்றியில பொலித்தீனை விலத்திப் பாத்திட்டுப் போகச் சொன்னாங்கள். அம்மா வாய்க்குள்ள பாட்டு ஒண்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தா. மாமியின்ர வீட்டில வெள்ளைத் துணி அப்பிடியே விரிச்சுக் கிடந்தது.

அதோட கதை முடிஞ்சிருந்தால் நல்லது. முடியேல்ல.

கொஞ்ச நாளா மாமியைக் காணேல்ல. ஊரடங்கு தளத்தினால் எங்கட வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறவ, திடீரெண்டு வாறதை நிப்பாட்டிட்டா. அம்மா போய்க் கதவைத் தட்டினால் பாதிக் கதவைத் திறந்து, "தலையிடி பிள்ளை, பிறகு வா" எண்டு சாத்தினா. இன்னொருநாள் போகேக்க கதவு திறக்கவே இல்லை. இடியப்பமும் அவிக்கேல்ல. அம்மா வீட்டுக்கு வந்து திரும்பவும் குசினிக்கும் படலைக்கும் நடக்கத் தொடங்கினா.

"அவவுக்கு ஏதோ சேதி வந்திருக்கு" எண்டு எனக்குச் சொன்னா. வேற பெரிய ஆள் வீட்டில இல்லை, எனக்குத்தான் சொல்ல வேணும். "எனக்குச் சொல்ல ஏலாத சேதி. அதுதான் ஒளிக்கிறா."

எனக்கு விளங்கிட்டுது. லோஞ்ச் கடலுக்குள்ள தாண்டுபோச்சு எண்டு ஆரோ மாமிக்கு வந்து சொல்லியிருக்கினம். அம்மா அப்பிடித்தான் நினைக்கிறா எண்டு அவவின்ர முகத்தில தெரிஞ்சுது. தம்பிக்குக் கேக்காமல் இருக்க நான் அவனை வீட்டுக்குப் பின்னால கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மானைக் காட்டினன்.

அடுத்தமுறை ஊரடங்கு தளத்தின நேரம் அம்மா என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனா. முன்வாசலைத் தட்டேல்ல. வேலிக்கால புகுந்து குசினிப் பக்கத்தால போய்க் கதவைத் தள்ளினா. "அக்கா, என்ன நடந்திருந்தாலும் சொல்லுங்கோ. நான் தாங்குவன்" எண்டுகொண்டுதான் உள்ளுக்குப் போனவ.

உள்ளுக்கு, நிலத்தில, மாமியின்ர மகன் இருந்து சோறு தின்னுறான். மெலிஞ்சு கறுத்து, கால் முழுக்கப் புண். எங்களைக் கண்டவுடன கவளத்தைக் கோப்பையில வைச்சிட்டு எழும்பினான். அம்மாவின்ர கண் அவனைத் தாண்டிப் போச்சு. அறைக்குள்ள, கதவுக்குப் பின்னால, கோடிக்கு, எல்லாம் பாத்துது. ஒருத்தரும் இல்லை.

மாமி சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா. "எனக்கு உன்ர முகத்தைப் பாக்கத் தைரியம் வரேல்லயடி பிள்ளை" எண்டு அழுதா. "என்ர பிள்ளை வந்திட்டான் எண்டு எந்த வாயால உனக்கு வந்து சொல்லுறது?"

பெடியன் நிண்டபடி சொன்னான். மூதூரில பிரச்சினை தொடங்கினவுடன லோஞ்சை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டைபறிச்சான் பக்கம் கண்டல் மரங்களுக்குள்ள கட்டினவையாம். சனம் இடம்பெயர்ந்து காட்டுப் பாதையால வரேக்க இவனும் அந்தச் சனத்தோட சேர்ந்து வந்திட்டான். அப்பா வரேல்ல. "லோஞ்சை விட்டிட்டு வர ஏலாது, பாதை திறந்தவுடன நான் ஓட்டிக்கொண்டு வாறன், நீ போய் வீட்டில சொல்லு எண்டு மாமா சொன்னவர்" எண்டான்.

"கத்தித்தானே சொன்னவர்?" எண்டு அம்மா கேட்டா.

"ஓம் மாமி. கத்தித்தான்."

அம்மா தலையை ஆட்டினா. பிறகு மூலையில இருந்த கூட்டைப் பாத்து, மாமியைப் பாத்துக் கேட்டா. "பிள்ளை வந்ததுக்கு இந்த வீட்டில செபம் சொன்னியளோ?"

மாமி இல்லை எண்டு தலையை ஆட்டினா. "சத்தம் வெளியில கேட்டால் உனக்குத் தெரிஞ்சிடும் எண்டு..."

"நல்லா இருக்கு நியாயம்" எண்டா அம்மா. இப்ப கோபம் வந்திட்டுது, அந்தக் கோபத்தைக் கண்டு எனக்கு ஆறுதலா இருந்தது. "நான் அவவைக் கட்டி வைச்சன். நீங்கள் அவ தந்ததைக் கட்டி வைச்சிருக்கிறியள். எனக்கு வந்து புத்தி சொன்னவ நீங்கள்தானே அக்கா? பெடியா, நீ இருந்து சாப்பிடு. அக்கா, முழங்காலில நில்லுங்கோ."

அம்மாவே முழங்காலில நிண்டு தொடங்கினா. நன்றிப் பாட்டையும் அவவே எடுத்தா, குரல் பிசகேல்ல. மாமிதான் ஒவ்வொரு அடியிலயும் உடைஞ்சு உடைஞ்சு அழுதா. நான் வாய் திறக்கேல்ல. எனக்கு அந்தப் பெடியனையும் பாக்கப் பிடிக்கேல்ல, மாதாவையும் பாக்கப் பிடிக்கேல்ல.

திரும்பி நடக்கேக்க கேட்டன். "அப்பா வரேல்லயே அம்மா. நீங்கள் எதுக்குச் சந்தோசப்படுறியள்?"

அம்மா கெதியா நடந்துகொண்டே சொன்னா. "அப்பா வரேல்ல எண்டதுக்காண்டி, அந்தப் பிள்ளை வந்தது பொய்யாயிடுமே?"

ஊர்க்கதை வேற மாதிரிப் போச்சு. மாதா சந்தி வீட்டுக்குப் போன கையோட பிள்ளையைக் குடுத்திட்டா எண்டு எல்லாரும் கதைச்சினம். லிங்கநகரில இருந்து கூட ஆக்கள் வந்து தங்கட வீட்டுக்குச் சுரூபம் கேட்டினம். சங்கிலித்தாம் எங்கட படலையில வந்து நிண்டு, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வைச்சிருந்தாய் எண்டால் உன்ர மனுசன் வந்திருப்பார் பிள்ளை" எண்டார். ஆறுதல் சொல்லுறதா அவருக்கு நினைப்பு. "அவ என்ன அண்ணை, சங்கக்கடைச் சாமானே, முறைக்காரருக்குப் பங்கு பிரிச்சுக் குடுக்க?" எண்டு அம்மா கேட்டா. மனுசன் குடையை விரிச்சுக்கொண்டு போயிட்டார்.

கடல் திறந்த பிறகு கட்டைபறிச்சானுக்கு மாமியின்ர மகனும் அம்மாவும் போய்ப் பாத்தினம். கண்டல் மரத்துக்குள்ள லோஞ்சின்ர எரிஞ்ச மரமும் இஞ்சினும் கிடந்ததாம். அப்பாவைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்ல. கண்டது எண்டும் ஆரும் சொல்லேல்ல, செத்தது எண்டும் சொல்லேல்ல. அம்மா அதுக்குப் பிறகு கனகாலம் உயிரோட இருந்தா. ஒவ்வொரு செபமாலை மாதமும் மாதாவைச் சுமந்துகொண்டு, காணாமல் போனவையின்ர வீட்டுக்கெல்லாம் போவா. எந்தச் சமயம் எண்டு பாக்கமாட்டா, அவையள் மீன் காய்ச்சி வைச்சிருந்தால் இருந்து திண்டிட்டும் வருவா. நடக்கிறதை அவ விடேல்ல. ஆனால் இப்ப போறதுக்கு இடம் இருந்தது.

அந்த வருசங்களில ஆரின்ர பிள்ளையாவது, ஆரின்ர புருசனாவது திரும்பி வந்தால், அந்த வீட்டுப் பொம்பிளை முதல் ஓடி வாறது எங்கட வீட்டுக்குத்தான். மற்ற வீடுகளில சொல்லப் பயம்; கண்ணூறு, பொறாமை, அழுகை. அம்மாவிட்டச் சொல்லலாம் எண்டு சனத்துக்குத் தெரியும். பின்னேரத்தில ஆராவது படலையைத் தள்ளிக்கொண்டு, "அக்கா, வந்தாச்சு, வந்தாச்சு" எண்டு மூச்சிரைக்க ஓடி வருவினம். அம்மா ஈரக்கையோட குசினியில இருந்து வாசலுக்கு வருவா. ஒரு கண் வெட்டிற நேரம் அவவின்ர முகம் முழுக்க அப்பாதான் வந்து நிண்டார் எண்டு நம்பும். ஒவ்வொருமுறையும் நம்பிச்சுது, நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். பிறகு வந்தவளை வடிவாப் பாத்து, கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு, "உன்ர பிள்ளையோ? வா, வா, உள்ளுக்கு வந்து சொல்லு" எண்டு கூட்டிக்கொண்டு போவா.